தொடுதலும் ஒரு துணை மருந்தே

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற தாய்-சேய் நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பள்ளித் தலைமையாசிரியன் தேர்வைப் பற்றியோ வேலைவாய்ப்பைப் பற்றியோ பேசுவான் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. குறைமாதத்தில் பிறந்து, பால் குடிக்கத் திணறும் குழந்தைக்குத் தாயின் கை எவ்வாறு துணை நிற்கிறது என்பதே அது. நான் மருத்துவன் அல்லேன். படித்தறிந்ததையும், என் வீட்டிலேயே கண்டதையும் சொல்ல வந்திருக்கிறேன்.

நான் சிறுவனாக இருந்தபோது என் தாயார் இவ்வூரில் ஓர் அரிசி ஆலைக் களத்தில் நெல் உலர்த்தும் வேலை செய்தார். நிறைசூலியாகவும் கூடை சுமந்தார். எட்டாம் மாதத்திலேயே எனக்கு ஒரு தம்பி பிறந்துவிட்டான். மார்பில் வைத்தால் இரண்டு முறை உறிஞ்சுவான். உடனே சோர்ந்து கண் மூடுவான். ‘தொக்கம்’ என்றார் ஒருவர். ‘குடலேற்றம்’ என்றார் மற்றொருவர். வயிற்றை அழுத்தி வழித்தார்கள். பாலாடையில் சர்க்கரைத் தண்ணீர் எடுத்து வாயில் ஊற்றினார்கள். ஒன்பதாம் நாள் அவன் இறந்தான். அவர்கள் அன்பில் குறைந்தவர்கள் அல்லர். அறிவை அவர்கள் வாசலுக்குக் கொண்டுவருவார்தாம் இல்லை.

அக்குழந்தை ஏன் பால் குடிக்கவில்லை? உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்று செயல்களும் ஒன்றோடொன்று இணங்கி நடந்தால்தான் பால் குடிக்க இயலும். இவ்விணக்கம் கருவின் ஏறத்தாழ 34ஆம் வாரத்தில்தான் கைகூடுகிறது. அதற்கு முன் பிறந்த குழந்தைக்குப் பால் நுரையீரலுக்குள் போய்விடும் அபாயம் உண்டு. ஆகவே மருத்துவமனையில் மெல்லிய குழாய் வழியே பால் செலுத்துகிறார்கள். இரைப்பையும் குடலும் முதிராமையால், சென்ற பாலும் மெதுவாகவே செரிக்கும். 37 வாரம் நிறையுமுன் பிறப்பதையே குறைமாதப் பிறப்பு என்பர். 2020ஆம் ஆண்டில் உலகில் சுமார் 1 கோடியே 34 இலட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்தனர். அவர்களுள் சுமார் 30 இலட்சம் பேர் நம் நாட்டினர். இது எங்கோ ஒரு வீட்டின் துயரம் அன்று.

ஒரு காலத்தில் இக்குழந்தைகளைத் தொடுவதே தீது என்று கருதி, கண்ணாடிப் பெட்டிக்குள் தனியே வைத்தனர். 1986ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மயாமி நகரில் டிஃப்பனி ஃபீல்டு என்ற பெண் அறிஞரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். உடல்நிலை தேறிய குறைமாதக் குழந்தைகளுக்கு ஒருவேளைக்கு 15 நிமிடமாக, நாளைக்கு மூன்று வேளை, 10 நாட்கள் உடலை நீவி, கைகால்களை மெல்ல மடக்கி நீட்டினர். நீவப்படாத குழந்தைகளைவிட அவர்கள் நாள்தோறும் 47 விழுக்காடு அதிக எடை கூடினர். ஆறு நாட்கள் முன்னதாக வீடு திரும்பினர். வியப்பு என்னவெனில், இரு சாராரும் குடித்த பாலின் அளவு ஏறத்தாழ ஒன்றே!

காரணம் என்ன? மூளையிலிருந்து இரைப்பை வரை செல்லும் வேகஸ் என்ற நரம்பை இத்தகைய நீவுதல் தூண்டுகிறது என்றும், அதனால் இரைப்பையின் அசைவும் செரிமானமும் மேம்படுகின்றன என்றும் விளக்குகின்றனர். ஆனால் கை பட்டும் படாமலும் தடவினால் குழந்தைக்குக் கூச்சமே மிஞ்சும். அழுத்தினால் ஊறு விளையும். பட்டு நூலைக் கையாளும் ஆரணி மக்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நூலைத் தளர விட்டால் நெசவு அமையாது. இழுத்தால் இழை அறும்.

வாய்க்கும் ஒரு பயிற்சி உண்டு. பயிற்சி பெற்றவர் தூய விரலால் கன்னம், உதடு, ஈறு, நாக்கு ஆகியவற்றை முறையாக வருடுவது அது. 2002ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், இப்பயிற்சி பெற்ற குழந்தைகள் 11 நாட்களில் முழுவதும் வாய்வழியே பால் குடித்தனர். பெறாதவர்களுக்கு 18 நாட்கள் ஆயின. நம் பாட்டிமார் கையாண்ட தேங்காய் எண்ணெயும் சோதிக்கப்பட்டுள்ளது. மும்பையில் நடந்து 2005ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், கனிம எண்ணெயைவிடத் தேங்காய் எண்ணெய் தேய்த்த குறைமாதக் குழந்தைகள் விரைவாக எடை கூடினர்.

இவற்றுள் பல சிறிய ஆய்வுகள் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். நீவுதல் துணைதான், மருத்துவத்திற்கு மாற்று ஆகாது. உறுதியான சான்று பெற்றது கங்காரு முறை. 1978ஆம் ஆண்டில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், வெப்பப் பெட்டிகள் போதாமையால், குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு அணைத்துக் கட்டும் இம்முறை தோன்றியது. டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனை உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்து 2021ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், பிறந்த உடனேயே இதைத் தொடங்கியபோது இறப்பு 25 விழுக்காடு குறைந்தது. வறுமையில் பிறந்த முறையை இன்று உலகமே கற்கிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் மகளுக்கு 32ஆம் வாரத்தில் பெண் குழந்தை பிறந்தது. அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருவர் என் மகளின் கையைப் பிடித்து நீவக் கற்றுத்தந்தார். முதலில் குழாய், பின்னர் பாலாடை, பின்னர் தாயின் மார்பு. ஆம், அதே பாலாடைதான்! ஆனால் அதில் இருந்தது கறந்தெடுத்த தாய்ப்பால். குழந்தையைச் சற்றே நிமிர்த்தி, உதட்டோரம் சிறிது சிறிதாக, விழுங்கிய பின்னரே அடுத்த துளி. கருவி ஒன்றே, கற்ற கை வேறு. பேத்தி இன்று ஓடியாடுகிறாள்.

தாய்மார்கள் மனத்திற்கொள்ள வேண்டியவை சில. ஒன்று, மருத்துவர் இசைவின்றி நீவத் தொடங்கலாகாது. இரண்டு, கையைச் சோப்பிட்டுக் கழுவி, குளிர் காற்றுப் படாத இடத்தில், பால் கொடுத்த உடனே அல்லாமல் நீவ வேண்டும். மூன்று, தொக்கம் எடுத்தல், உரம் எடுத்தல், குடலேற்றம் வழித்தல், மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுதல் ஆகியவை அறவே கூடா. நான்கு, பால் மறுத்தல், பச்சை வாந்தி, வயிற்று உப்பசம், மலத்தில் இரத்தம், உடல் சில்லிடல், மூச்சுத் தடை, நீலம் பாய்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் 108ஐ அழைத்து மருத்துவமனைக்கு விரைக. அவ்வேளையில் நீவிக்கொண்டு காலம் தாழ்த்துவது உயிருக்கே இறுதியாகும்.

இளைஞர்களே! 1928ஆம் ஆண்டில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேறு நலச் சட்ட முன்வரைவை ஆதரித்துப் பேசியவர் அண்ணல் அம்பேத்கர். அடுத்த ஆண்டு அது சட்டமாயிற்று. உழைக்கும் தாய்க்கு ஓய்வு உரிமை என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார். என் தாயாருக்கு அந்த ஓய்வு கிட்டவில்லை. உங்கள் வீட்டுப் பெண்களுக்கு அது கிட்டச் செய்யுங்கள். கருவுற்றவளைச் சுமை தூக்க விடாதீர்கள்.

நம் மக்களைத் தொட்டால் தீட்டு என்றது இச்சமுதாயம். மனிதக் கை பட்டால் குழந்தை தழைக்கிறது என்கிறது அறிவியல். நம் மருத்துவச்சிகளின் கைகள் எத்தனையோ வீட்டுக் குழந்தைகளை ஏந்திய பின்னும் அவ்வீட்டுத் திண்ணையில் இடம் பெறவில்லை. அக்கைகளின் பேரப்பிள்ளைகள் நீங்கள். செவிலியராகுங்கள், மருத்துவராகுங்கள். அதுவரை, நம் தெருவில் ஒரு குறைமாதக் குழந்தை பிறந்தால், இன்று கேட்டதை அவ்வீட்டிற்குச் சென்று சொல்லுங்கள். என் தம்பிக்குக் கிட்டாதது அக்குழந்தைக்குக் கிட்டட்டும்.