நீரிழிவும் கால் அறுவையும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023-ல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளதென மதிப்பிட்டது. நீரிழிவினால் நரம்புகள் உணர்விழந்தவர்க்கு முள் தைத்தாலும் வலிப்பதில்லை. இரத்த ஓட்டம் குறைந்தால் புண்ணும் எளிதில் ஆறுவதில்லை.

அறுவை என்றாலே காலை எடுத்துவிடுவார்கள் என்னும் அச்சத்தால் பலர் காலம் தாழ்த்தி வருகின்றனர். உண்மையில் தொடக்கநிலை அறுவை காலைக் காப்பதற்கே. சீழை வடித்து, அழுகிய திசுவை அகற்றுவர். இதனை மீண்டும் செய்ய நேரிடலாம். இரத்தக் குழாயில் அடைப்பிருப்பின் அதனைச் சீர்செய்வர். எலும்பில் நோய் பரவியிருப்பின் ஒரு விரலை இழக்க நேரலாம். காலைக் காக்க வழியே இல்லாதபோது, அல்லது உயிருக்கு ஆபத்து நேரும்போதுதான் முழங்காலுக்குக் கீழோ மேலோ துண்டிப்பர். அதன் பின்னரும் செயற்கைக் காலுடன் பலர் நடக்கின்றனர்.

புண் ஆறப் பல வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். அதுவரை புண்ணின் மீது பாரம் விழலாகாது. வேலூரில் தொழுநோயாளரிடையே பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட் வலியுறுத்திய உண்மை இதுவே. ஆனால் தினக்கூலித் தொழிலாளிக்கு ஓய்வு என்பது கூலி இழப்பாகும். ஆறிய புண் மீண்டும் தோன்றுவதும் உண்டு. ஆதலால் மென்மையான ரப்பர் செருப்பும் அன்றாடப் பாதச் சோதனையும் வாழ்நாள் முழுதும் தேவை.

அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வரும் ஒவ்வொரு நீரிழிவு நோயாளியின் செருப்பையும் கழற்றச் செய்து பாதத்தைப் பாருங்கள். அந்தச் சில நிமிடங்கள் ஒரு குடும்பத்தின் பிழைப்பைக் காக்கும்.