குற்றம் நம்முடையது, பெயர் அடுத்த வீட்டுக்காரனுடையது
(எர்ணாவூரில் நடந்த கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேசவேண்டிய விஷயம், மனிதனுடைய சில்லறைக் குற்றங்களைப் பல பாஷைகளும் எப்படிச் சொல்லுகின்றன என்பதாகும். நோட்டீசைப் பார்த்த சில தோழர்கள், "என்ன, பள்ளிக்கூடப் பாடம் நடத்தப் போகிறீர்களா?" என்று வழியிலேயே கேட்டார்கள். நாம் பள்ளிக்கூடத்தில் படித்தது வெகு சொற்பம். மற்றதெல்லாம் பட்டறையிலும், டீக்கடையிலும், பழைய புஸ்தகக் கடையிலும் படித்ததுதான். ஆகவே பண்டிதர் மாதிரி பேச நமக்கு யோக்கியதை கிடையாது. நாம் சொல்லுவதை அப்படியே நம்பிவிட வேண்டுமென்றும் சொல்ல வரவில்லை. உங்கள் சொந்த அனுபவத்தோடு ஒத்திட்டுப் பார்த்து, சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கொலை, கொள்ளை, லஞ்சம் ஆகியவற்றைப் பற்றி இங்கு பேச்சில்லை. கஞ்சத்தனம், சோம்பல், வாயடி, அவசரம், மறதி, முந்திக்கொள்ளுதல், சொல்லாமல் நழுவுதல் முதலான சின்னக் குற்றங்களைத்தான் சொல்லுகிறோம். இவை எந்தத் தேசத்தானுக்கும் உண்டு, நமக்கும் உண்டு, தலைவர் அவர்களுக்கும் கொஞ்சம் இருக்கலாம். (சிரிப்பு)

கஞ்சனை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழன், "எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன்" என்கிறான். கையை வீசினால் ஒட்டிய பருக்கை காக்கைக்குப் போய்விடுமாம்! ஹிந்திக்காரன் அவனை "மக்கீசூஸ்" என்கிறான். அதாவது நெய்யில் விழுந்த ஈயையும் எடுத்துச் சூப்பிவிட்டுப் போடுகிறவன் என்று அர்த்தம். இங்கிலீஷ்காரன் "ஸ்கின்ஃபிளிண்ட்" என்கிறான். சிக்கிமுக்கிக் கல்லையும் தோலுரிக்கப் பார்க்கிறவன் என்பது அதன் பொருள். இந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் கலந்து பேசினவர்கள் அல்ல. ஆனாலும் மூவரும் அந்த ஆசாமி செய்கிற காரியத்தைக் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள். அவன் கை எப்படிப் போகிறது, வாய் எப்படிப் போகிறது என்று பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கவில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

எதற்கும் முந்திக்கொண்டு வருகிறவனை "முந்திரிக்கொட்டை" என்கிறோம். பழத்துக்குள் அடங்கியிராமல் கொட்டை வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்த யாரோ ஒரு குடியானவனோ, அவன் மனைவியோ வைத்த பெயராயிருக்கும். முந்திரி மரம் இந்நாட்டு மரமல்ல. போர்த்துகீசியர் பிரேசில் தேசத்திலிருந்து 16ம் நூற்றாண்டில் கொண்டுவந்தது. ஆகவே இந்தப் பெயர் எந்த ரிஷியும் அருளியதல்ல. ஆண்டவன் நாவில் எழுதியதுமல்ல. மரம் வந்தது, ஜனங்கள் பார்த்தார்கள், சிரித்தார்கள், சொல் பிறந்தது. பாஷை என்பதே இப்படி உண்டானதுதான் என்று நாம் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது.

கேட்கிறவன் காது புளிக்கப் பேசுகிறவனை நாம் "அறுவை" என்கிறோம், "ரம்பம்" என்கிறோம், "பிளேடு போடுகிறான்" என்கிறோம். மலையாளி அதையே "கத்தி" என்கிறான். இங்கிலீஷ்காரன் அவனை "போர்" என்கிறான். துளைபோடுவதற்கும் அவர்கள் சொல்லும் சொல் அதுவே. ரம்பமும் கத்தியும் துளைக்கருவியும் ஆலைத் தொழிலாளிக்குத் தெரிந்த சாமான்கள். இந்த ஊரில் இதை நாம் விளக்க வேண்டியதே இல்லை. (நாமும் அறுக்கிறோமென்று தோன்றினால் தலைவர் மணியடிக்கலாம்.)

உங்கள் ஊரே இந்த விஷயத்துக்கு ஒரு பள்ளிக்கூடம். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் பக்கிங்காம் கால்வாய். குப்பத்துச் செம்படவர்கள் இருந்த இடத்தின் இரு பக்கமும், எண்ணூரில் லாரி ஆலையும், திருவொற்றியூரில் தீப்பெட்டி ஆலையும், மோட்டார் சைக்கிள் ஆலையும் எழுந்தன. துறைமுக வேலைக்கும் ஆலை வேலைக்கும் தெலுங்கர், மலையாளி, உருது பேசுகிறவர் எல்லாரும் வந்தார்கள். 2004ல் சுனாமி அடித்த பிறகு ராயபுரம் பக்கத்துக் குப்பங்களிலிருந்தும் இங்கே வந்து குடியேறினார்கள். ஆகவே இந்தப் பக்கத்துத் தமிழில் எல்லாப் பாஷைக்காரனுடைய திட்டும் கலந்திருக்கிறது. "பேஜார்" என்பது பாரசீகத்திலிருந்து உருது வழியாய் வந்தது. "பேமானி" என்பதும் அப்படித்தான். "ஈமான்" என்றால் நம்பிக்கை. "பே" என்றால் இல்லாதது. கணக்குப் பார்த்தால் சாமி நம்பிக்கை இல்லாத நம்மைத்தான் முதலில் பேமானி என்று சொல்லவேண்டும். (சிரிப்பு) ஆனால் ஜனங்கள் அந்தச் சொல்லை மதத்திலிருந்து கழற்றி, சொன்ன சொல் தவறுகிறவனுக்கு மாட்டிவிட்டார்கள். அது நல்ல காரியமென்றே நாம் கருதுகிறோம்.

"கஸ்மாலம்" என்கிற சொல் இருக்கிறதே, அது வடமொழி. பகவத் கீதையில் இரண்டாம் அத்தியாயத்தில், சண்டை போடமாட்டேனென்று உட்கார்ந்துவிட்ட அர்ச்சுனனைப் பார்த்துக் கிருஷ்ணன் கேட்கிற கேள்வியிலேயே இந்தச் சொல் வருகிறது. அங்கே அதற்கு மனத்தளர்ச்சி என்று அர்த்தம் சொல்லுகிறார்கள். அதையே காலட்சேபத்தில் ஒருவர் சொன்னால் தட்டில் காசு விழுகிறது. ரிக்ஷாக்காரன் சொன்னால் மெட்ராஸ் பாஷை, அசிங்கம் என்று மூக்கைப் பிடித்துக்கொள்ளுகிறார்கள். சொல் ஒன்றுதான், சொல்லுகிறவனுடைய சட்டைதான் வேறு.

பராக்குப் பார்த்துக்கொண்டு ரோட்டில் குறுக்கே வருகிறவனை, "சாவுகிராக்கி! வூட்ல சொல்லிக்கினு வந்துட்டியா?" என்று வண்டிக்காரர் கேட்கிறார். கிராக்கி என்றால் கடைக்கு வருகிற வாடிக்கைக்காரன். சாவின் கடைக்கு வந்துவிட்ட வாடிக்கைக்காரனே என்கிறார். ஒரு வினாடியில், பிரேக்கை மிதித்துக்கொண்டே, இத்தனை அர்த்தத்தை ஒரு சொல்லில் அடக்குவதற்குப் பண்டிதர்களாலே ஆகுமா? அதில் கோபமும் இருக்கிறது. வீட்டில் காத்திருப்பவர்களைப் பற்றிய ஞாபகமும் இருக்கிறது.

தோழர்களே! இவ்வளவு தூரம் பாஷைகளைப் புகழ்ந்து பேசினோம். இனி புகழ முடியாத இடத்துக்கு வருகிறோம்.

விருந்துக்குப் போன இடத்தில் சொல்லிக்கொள்ளாமல் நழுவிவிடுகிறவனை இங்கிலீஷ்காரன் "பிரெஞ்சு லீவு எடுத்தான்" என்கிறான். சரி, பிரெஞ்சுக்காரன் அப்படிப்பட்டவன் போலிருக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்ளுகிறோம். ஆனால் புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர் யாரையாவது விசாரித்துப் பாருங்கள். இதே காரியத்தைப் பிரெஞ்சுக்காரன் "இங்கிலீஷ்காரன் மாதிரி நழுவுதல்" என்கிறான்! நழுவுகிறவன் இரண்டு தேசத்திலும் இருக்கிறான். பெயர் மாத்திரம் கடலுக்கு அக்கரையில் இருக்கிறவனுடையது.

அதே மாதிரி, குடித்ததினால் வருகிற வீரத்துக்கு இங்கிலீஷில் "டச்சுத் தைரியம்" என்று பெயர். டச்சுக்காரன் யார்? நமக்கு வடக்கே பழவேற்காட்டில் 1613ல் கோட்டை கட்டிக்கொண்டு வியாபாரம் செய்தவன். இங்கிலீஷ்காரன் 1639ல் சென்னையில் இடம் வாங்கினான். இரண்டு கும்பினிக்கும் கிழக்கே வியாபாரப் போட்டி. அன்றியும் 1652 முதல் 1674க்குள் இரண்டு தேசத்துக்கும் மூன்று யுத்தம் நடந்தது. வியாபாரத்தில் போட்டியிட்டவன் பெயரை எடுத்துத் தன் வீட்டுக் குடிகாரன் முதுகில் ஒட்டிவிட்டான். இங்கிலீஷ் சோல்ஜர் டச்சுக்காரனைவிடக் குறைவாகவா குடித்தான்? நோய்க்கும் இதே கதைதான். மேகப்புண்ணை ஐரோப்பாவில் பலர் பிரெஞ்சு வியாதி என்றார்கள். நாம் மட்டும் என்ன வாழ்ந்தோம்? "பறங்கிப்புண்" என்றோம்.

வெள்ளைக்காரனுக்கு இப்படிப் பெயர் சூட்டக் கடலுக்கு அக்கரை வேண்டியிருந்தது. நமக்கோ அவ்வளவு தூரம் போகவேண்டிய அவசியமே இல்லை. பக்கத்துத் தெரு போதும். 1874ல் பெர்சிவல் என்கிற வெள்ளைக்காரர் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைச் சேர்த்து அச்சுப்போட்டார். அவற்றில் அருமையானவை அனேகம் உண்டு. மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்பதைப் போல வீட்டு நியாயத்தை உடைத்துச் சொல்ல யாரால் முடியும்? ஆனால் தமிழ்ப் பழமொழிகளுக்குள்ளேயே கஞ்சனுக்கு ஒரு ஜாதி, பேராசைக்காரனுக்கு ஒரு ஜாதி, முரடனுக்கு ஒன்று, புளுகனுக்கு ஒன்று, அசடனுக்கு ஒன்று என்று பங்கு போட்டு வைத்திருக்கிறார்கள். அவற்றை இந்த மேடையில் சொல்லிக் காட்ட நமக்கு மனமில்லை, உங்களுக்கும் தெரியாததல்ல.

கஞ்சத்தனம் ஒரு ஜாதியின் குணமென்றால் மற்ற ஜாதிக்காரர்களெல்லாம் கை நீட்டிக் கொடுக்கிறவர்களாக இருக்கவேண்டுமே! மாசக் கடைசியில் நூறு ரூபாய் கைமாற்றுக் கேட்டுப் பார்த்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள். எல்லா ஜாதியும் ஒரே பதிலைத்தான் சொல்லும்.

இதில் நம் தோழர்களையும் விட்டுவிட்டுப் பேச முடியாது. மேடையில் ஒரு குற்றத்தைச் சொல்லி, அதை ஒரு ஜாதிப் பெயரோடு முடித்தால் கைதட்டல் கிடைக்கிறது. நாமும் அந்தக் கைதட்டலை வாங்கியிருக்கிறோம். ஜாதி ஒழியவேண்டுமென்று பேசிக்கொண்டே, குணம் பிறப்பிலே வருகிறதென்கிற அவர்களுடைய சித்தாந்தத்தையே நாம் அப்போது ஒப்புக்கொண்டுவிட்டோம் என்பது வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் நமக்கு உறைத்தது.

ஆதித்திராவிட மக்களுக்கு நடந்ததோ இதைவிடக் கொடுமை. மற்ற ஜாதிக்கு ஒரு குற்றத்தைப் பங்கு வைத்தார்கள். இவர்களுக்குப் பெயரையே குற்றமாக்கினார்கள். அந்தத் தமிழ்ப் பெயர் 17ம் நூற்றாண்டிலேயே இங்கிலீஷில் ஏறி, "பரையா" என்றாகி, யாரும் சேர்க்காதவன் என்று அகராதியில் உட்கார்ந்துகொண்டது. மற்ற தேசங்கள் ஒதுக்கி வைத்த தேசத்தைப் பற்றி எழுதுகிற வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் இன்றும் அச்சொல்லைச் சர்வசாதாரணமாய் எழுதுகிறார்கள். அது உழைத்துப் பிழைக்கிற லட்சக்கணக்கான ஜனங்களின் பெயர் என்று அவர்களுக்குத் தெரியாது. நமக்குத் தெரியுமே! 1989ல் சட்டம் வந்து, ஜாதிப் பெயரைச் சொல்லிப் பொது இடத்தில் இவர்களை இழிவு செய்தால் தண்டனை என்று ஆன பிறகும், திட்டு வாயிலிருந்து போகவில்லை; குரல்தான் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது.

பெண்கள் விஷயத்தைப் பாருங்கள். ஆண் பிள்ளை நான்கு மணி நேரம் பேசினால் நாவலர். பெண் நான்கு வார்த்தை எதிர்த்துப் பேசினால் வாயாடி. பயந்தவனைப் பார்த்துப் "புடவை கட்டிக்கொள்" என்கிறார்கள். இந்தக் குப்பத்துத் தாய்மார்கள் விடியுமுன் இருட்டோடு காசிமேட்டுக்குப் போய், ஏலக் கூச்சலில் நின்று மீன் எடுத்து, கூடை சுமந்து தெருத்தெருவாய் விற்றுவிட்டு வருகிறார்கள். அந்நேரத்தில் குறட்டை விடுகிறவன், பயங்கொள்ளிக்குப் புடவையை அடையாளமாகச் சொல்லுகிறான்! ஐரோப்பாக்காரனும் இதில் யோக்கியன் அல்ல. அலறித் துடிப்பதற்கு அவன் வைத்திருக்கும் "ஹிஸ்டீரியா" என்கிற பெயர், கர்ப்பப்பையைக் குறிக்கிற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஆண் அலறினால் எந்தப் பையிலிருந்து வருகிறதோ, தெரியவில்லை.

நம்முடைய சொந்தச் சங்கதி ஒன்று சொல்லுகிறோம். ஒரு பட்டறையில் நாம் மேஸ்திரியாயிருந்த காலம். ஒருநாள் காலையில் மூன்று பேர் தாமதமாய் வந்து, பஸ் வரவில்லை, மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று ஆரம்பித்தார்கள். நமக்குக் கோபம் வந்து, "இந்த நொண்டிச் சாக்கெல்லாம் என்னிடம் வேண்டாம்" என்று கத்தினோம். இங்கிலீஷிலும் இதே சொல்தான். அவர்களும் நொண்டிச் சாக்கு என்றே சொல்லுகிறார்கள். அங்கே, சின்ன வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து ஒரு கால் சூம்பிப் போன ஒரு தொழிலாளி மிஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமலே, "அண்ணாத்தே, நொண்டி வந்து அரமணி நேரமாச்சு. சாக்குதான் இப்போ வர்து" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. மத்தியானம் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மன்னித்துக்கொள் என்றோம். "நீ ஒர்த்தனா சொல்ற?" என்று கேட்டுவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தான். அதற்கு நம்மிடம் பதில் இல்லை.

ஜாதியும் உடம்பும் கிடைக்காவிட்டால் கிரகம் இருக்கிறது. தூங்குமூஞ்சியை மூதேவி பிடித்தவன் என்கிறோம். காரியம் கெட்டால் சனியன் என்கிறோம். சிடுமூஞ்சியாய் இருண்டிருப்பவனை இங்கிலீஷ்காரனும் சனிக்கிரகத்தின் பெயரால்தான் "சாட்டர்னைன்" என்கிறான். பைத்தியத்துக்குச் சந்திரனைச் சொல்லி "லூனாடிக்" என்கிறான். இங்கிலீஷ் படித்தால் மூடநம்பிக்கை போய்விடுமென்கிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். அவன் வானத்துக்கு ராக்கெட் விட்ட பிறகும் சொல்லில் ஜோசியன் குந்திக்கொண்டிருக்கிறான்.

வேறு வழியே கிடையாதா என்றால், உண்டு. குறளில் 133 அதிகாரம். அதில் புறங்கூறாமை, பயனில சொல்லாமை, அழுக்காறாமை, மடியின்மை, பொச்சாவாமை என்று சின்னக் குற்றங்களுக்கே தனித்தனி அதிகாரம் இருக்கிறது. எல்லாம் செய்கையின் பெயர். எந்த ஜாதியானின் சோம்பல், எந்த ஊரானின் மறதி என்கிற பேச்சில்லை. ஆனால் குறள் என்பதற்காகவே எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள நாம் தயாராயில்லை. பெண்வழிச் சேறல் என்று ஓர் அதிகாரம் வைத்து, மனைவி சொல்லைக் கேட்கிறவனைக் குற்றவாளியாக்கியிருப்பது நமக்குச் சம்மதமில்லை. மனைவி சொல்லைக் கேட்டிருந்தால் இங்கே பல பேருக்குக் கடன் குறைந்திருக்கும். (தாய்மார்கள் பக்கத்தில் சிரிப்பு)

தலைவர் மணியைப் பார்க்கிறார். கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் சீட்டில் எழுதி அனுப்பலாம். எழுத வராதவர்கள் எழுந்து நின்று வாயாலேயே கேட்கலாம். நாம் சொன்னது தப்பென்று பட்டால் அதைத்தான் முதலில் கேட்கவேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம். கூட்டம் முடிந்து போகிறவர்கள் எண்ணூர் ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்துத் தாண்டுங்கள். கன்டெய்னர் லாரிகள் வரிசையாய் வந்துகொண்டிருக்கின்றன. வீட்டில் சொல்லிவிட்டு வந்தீர்களா என்பது நமக்குத் தெரியாது.