நூல்நிலைய அலமாரி
(சங்கத்தின் ஆண்டுவிழாவில் ஆற்றிய உரை)

நம் நூல்நிலையத்தின் பழைய மர அலமாரியை விற்றுவிட்டு இரும்பு அலமாரி வாங்கலாம் என்று பேச்சு எழுந்துள்ளது. நூல்நிலையக் குழுவினராகிய நாங்கள் அதுபற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம்.

ஓய்வு பெற்று ஊர் திரும்பிய அன்பர் ஒருவர் சங்கத்திற்கு அளித்துச் சென்ற அலமாரி அது. அதன் தூண்களும் முகடும் மேனாட்டுப் பழம்பாணியைப் புதுப்பித்துச் செய்தவை. கதவுகளில் மின்னும் கொடியும் பூவுமோ, இவ்வுத்தரப் பிரதேசத்து மைன்புரியின் 'தார்கஷி' வேலை. ஷிகோஹாபாத்தில் இறங்கி, ஃபரூக்காபாத் கிளைப்பாதையில் சென்றால் அவ்வூரை அடையலாம்.

நம் ஈட்டி மரத்திற்கு இனமான ஷீஷம் மரத்தை நன்கு உலர்த்தி, சித்திரம் வரைந்து, கூரிய உளியால் மெல்லிய பள்ளம் வெட்டுகின்றனர். தட்டையான பித்தளைக் கம்பியை அப்பள்ளத்தில் நிறுத்திச் சுத்தியால் தட்டிப் பதிக்கின்றனர். புள்ளி ஒவ்வொன்றும் சுருட்டிய கம்பித் துண்டே. பின்னர் அராவிச் சமப்படுத்தி மெருகேற்றுகின்றனர். தோற்செருப்பைத் தூய்மையற்றதெனக் கருதியோர் அணிந்த மரப்பாதுகைகளில் முன்னாளில் சிறந்திருந்த இவ்வேலை, பேழை, மேசை, அலமாரி எனப் பின்னர் விரிந்தது. மதுரா அருங்காட்சியகத்தை 1874இல் நிறுவிய க்ரௌஸ் என்னும் ஆங்கில அதிகாரி இக்கலையைப் பற்றி எழுதியுள்ளார். 2023இல் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இனி எங்கள் குற்றத்தையும் ஒப்புக்கொள்கின்றோம். சென்ற ஆண்டுவிழாவிற்கு முன், பளபளப்பு வேண்டிப் பித்தளை பாலிஷைத் தடவி, ஈரத்துணியால் துடைத்தவர்கள் நாங்களே. பாலிஷ் மரத்தினுள் இறங்கி வெள்ளை படிந்தது. ஈரத்தில் உப்பிய மரம் கோடை அனலில் சுருங்கவே, கம்பிகள் பல மேலெழும்பின. தச்சர் ஒருவர் கம்பிகளைப் பிடுங்கிவிட்டு வர்ணம் பூசலாம் என்றார். நல்லவேளையாக நாங்கள் இசையவில்லை. எழும்பிய கம்பியை மெல்லத் தட்டி மீண்டும் பதிக்க இயலும். அதற்கு அவ்வேலை அறிந்த கை வேண்டும். அதன்பின் உலர்ந்த மென்துணி ஒன்றே போதும்.

அன்பர்களே, நாம் மாற்றல் உத்தரவுக்கு அஞ்சி, எளிதில் கட்டிச் செல்லும் பொருள்களையே வாங்கிப் பழகியவர்கள். ஆயினும் சங்கம் மாற்றலாகிச் செல்வதில்லை. நம் பிள்ளைகள் தமிழ் நூல் எடுக்கத் திறந்த முதற்கதவு அதுவே. அவர்கள் பிறந்த மண்ணின் கைத்திறனும் அதுவே. ஆகவே அதனை விற்காமல், மைன்புரிக் கைவினைஞர் ஒருவரை வரவழைத்துச் செப்பனிட இசைவு தருமாறு பணிவுடன் வேண்டுகின்றோம்.