எழுத்துக்கூட்டற் போட்டியின் தொடக்க வரலாறு
(சங்க மாணவர் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



பரிசு பெறும் பிள்ளைகள்முன் பேசுமாறு சங்கத்தார் பணித்தபோது, அமெரிக்க நாட்டுச் சிறுவர்க்கான எழுத்துக்கூட்டற் போட்டியின் வரலாறு என் நினைவுக்கு வந்தது. தமிழில் இத்தகைய போட்டிக்கு இடம் குறைவு. லகர ளகர ழகரங்களிலும், ரகர றகரங்களிலும், நகர னகர ணகரங்களிலும் நம் பிள்ளைகள் தடுமாறுவர்; அதைத் திருத்துவதிலேயே என் ஆசிரியப் பணியிற் பாதி கழிந்தது. ஆங்கிலமோ இலத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு முதலிய மொழிகளினின்று சொற்களைக் கொண்டு, அவற்றின் பழைய எழுத்துருவையும் பெரும்பாலும் விடாது வைத்துக்கொண்டது. ஆகவே அம்மொழிச் சொற்களைப் பிழையற எழுதுதல் ஒரு தனிக்கல்வியாயிற்று.

1908-ஆம் ஆண்டில் ஓஹையோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரில் தேசியக் கல்விச் சங்கத்தார் கூடியபோது, பல நகரத்து மாணவர் குழுக்களுக்குள் இப்போட்டி நடைபெற்றது. கிளீவ்லாந்துக் குழுவில் மேரி போல்டன் என்னும் 14 வயதுக் கறுப்பினச் சிறுமி இருந்தாள். தபாற்காரர் ஒருவரின் மகள். அவள் கலந்துகொள்ளலாகாதென நியூ ஆர்லியன்ஸ் நகரத்தார் தடை கூறினர். கிளீவ்லாந்துக் கல்வி அதிகாரி அவளை விலக்க இசைந்திலர். அவள் ஒரு பிழையும் செய்யவில்லை; வெற்றி கிளீவ்லாந்துக்கே ஆயிற்று.

1925-இல் லூயிவில் நகரத்துக் 'கூரியர்-ஜர்னல்' முன்னிற்க, 9 பத்திரிகைகள் கூடித் தேசியப் போட்டியை வாஷிங்டனில் தொடங்கின. 11 வயதுப் பிராங்க் நியூஹவுசர், 'கிளாடியோலஸ்' என்னும் சொல்லைச் சரியாகக் கூட்டி, 500 டாலர் பொற்காசு பெற்றான். சிறுவாள் எனப் பொருள்படும் அச்சொல், வாள்போன்ற இலையுடைய ஒரு பூச்செடிக்குப் பெயர். 1941-இல் ஸ்கிரிப்ஸ்-ஹோவர்ட் பத்திரிகை நிறுவனத்தார் போட்டியை ஏற்றனர். உலகப் போரின் பொருட்டு 1943 முதல் 1945 வரை அது நடைபெறவில்லை.

இடையே 1936-இல் நிகழ்ந்ததை விரித்துரைத்தல் வேண்டும். ஏக்ரன் நகரத்துப் போட்டியில் வென்ற மக்னோலியா காக்ஸ் என்னும் 13 வயதுக் கறுப்பினச் சிறுமி, தாயுடன் வாஷிங்டனுக்கு ரெயிலேறினாள். மேரிலாந்து எல்லையை அடைந்ததும் இருவரும் கறுப்பருக்கென ஒதுக்கிய வண்டிக்கு மாற்றப்பட்டனர். ஏனைய பிள்ளைகள் தங்கிய ஹோட்டலில் அவளுக்கு இடமில்லை. ஒரு கறுப்பின மருத்துவர் வீட்டில் தங்கினாள். விருந்திலும் தனி மேசையே. இவ்வளவும் பொறுத்து மேடையேறிய குழந்தை, சொற்களை ஒவ்வொன்றாக வென்று, இறுதி ஐவருள் ஒருத்தியாக நின்றாள். அப்போது 'நெமிசிஸ்' என்னும் சொல் கொடுக்கப்பட்டது. அது கிரேக்கருடைய தண்டனைத் தெய்வத்தின் பெயர். சிறப்புப் பெயர்கள் கேட்கலாகா என்பது விதி. உடன்சென்ற பத்திரிகையாளர் முறையிட்டார், நடுவர்கள் ஏற்றிலர். சிறுமி தவறிழைத்து ஐந்தாமிடம் பெற்றாள். பிற்காலத்தில் அவள் பிறர் வீட்டு வேலை செய்து வாழ்ந்து 1976-இல் காலமானாள்.

நம் சங்கப் பரிசுகளும் நம் குலத்துப் பிள்ளைகட்கே உரியனவாய் உள்ளன. வகுப்பில் என் முன் அமரும் ஏனைய பிள்ளைகளை எண்ணி, இதனை மறைக்காமற் கூறுகின்றேன். பெரியோர்கள் பொறுத்தருள்க.

மேரி போல்டனைத் தடுக்க முயன்ற நியூ ஆர்லியன்ஸ் லூசியானா மாநிலத்தது. அந்நகரை அடுத்த ஹார்வி என்னும் ஊரினின்று, 2021-இல் சைலா அவான்ட்-கார்ட் என்னும் கறுப்பினச் சிறுமி வந்து தேசியப் பட்டம் வென்றாள். அவளுக்கும் வயது 14. வெற்றி தந்த சொல் 'முர்ராயா'. நம் அடுப்பங்கரைக் கறிவேப்பிலையைத் தாவர நூலார் நெடுங்காலமாக வைத்தெண்ணிய பேரினத்தின் பெயர்.