தலையில் சூட்டிய பூ

(ஐப்பசி அன்னாபிஷேகப் பயணத்துக்கு முந்தைய ஞாயிறு மாலை, நம் குடியிருப்பின் பொது அரங்கில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வரும் பௌர்ணமிக்கு நாம் கங்கைகொண்ட சோழபுரம் போகிறோம். வேன் எத்தனை மணிக்கு, டிபன் யார் பொறுப்பு என்பதையெல்லாம் செயலாளர் சொல்லிவிட்டார். அங்கே என்ன பார்ப்பது என்று சொல்வதுதான் எனக்குக் கொடுத்த வேலை. நான் ஒரே ஒரு சிற்பத்தைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு கேள்வி. "நீங்கள் யார்?" என்று கேட்டால் நாம் என்ன பதில் சொல்கிறோம்? சிமென்ட் ஆலையில் முப்பது வருடம் உழைத்தவர், "இப்ப ஒண்ணும் இல்லைங்க, ரிட்டயர்டு" என்கிறார். காலை ஐந்து மணிக்கு எழுந்து ஒரு குடும்பத்தையே நடத்துகிற அம்மா, "சும்மா வீட்லதாங்க இருக்கேன்" என்கிறார். பிளஸ் டூ படிக்கிற பிள்ளை தன் பெயரைச் சொல்வதற்குள் நாம் மார்க்கைக் கேட்டுவிடுகிறோம். பதவி, சம்பளம், மதிப்பெண் எல்லாம் தேவைதான். ஆனால் அவை ஒருநாள் குறையும், ஒருநாள் போகும். அவைதான் நான் என்று நினைத்துவிட்டால், அவை போகிற அன்று நானும் போய்விட்டதாகத் தோன்றும். அந்த வலி இந்த அரங்கில் பலருக்குத் தெரியும்.

இனி சிற்பத்துக்கு வருவோம். முதலாம் ராஜேந்திர சோழன் 11ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயில் அது. 2004 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். விமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, வடக்கு வாசல் படிக்கட்டின் பக்கம் வாருங்கள். சிவபெருமான் அமர்ந்திருக்கிறார், பக்கத்தில் அம்பாள். கீழே ஒருவர் கைகூப்பித் தலை தாழ்த்தி உட்கார்ந்திருக்கிறார். அவர் தலையைச் சுற்றி இறைவன் தன் கையாலேயே பூமாலையைச் சுற்றுகிறார். பூவை வாங்கிக்கொள்பவர் சண்டேசுவரர்.

அவர் யார்? சேய்ஞலூரில் பிறந்த விசாரசருமர் என்ற சிறுவர். மாடு மேய்ப்பவன் பசுவை அடித்ததைப் பொறுக்காமல், தானே மேய்க்க எடுத்துக்கொண்டவர். மண்ணியாற்றங்கரையில் மணலால் லிங்கம் அமைத்து, பாலால் அபிஷேகம் செய்தார். பாலை வீணாக்குகிறான் என்று ஊர் புகார் சொன்னது. தந்தை வந்து அடித்தார், பால் குடத்தைக் காலால் இடறினார். பிள்ளை அந்தக் காலை வெட்டினார் என்கிறது பெரியபுராணம். கேட்கவே கடினமான இடம் இது. நாம் பின்பற்றுவதற்காகச் சொன்னதல்ல. அந்தத் தந்தையும் கடைசியில் சிவலோகம் அடைகிறார் என்றுதான் சேக்கிழார் முடிக்கிறார்.

நாம் கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகு நடப்பது. ஊர் அவரைப் பால் திருடன் என்றது. பெற்றவர் அடித்தார். அந்த நேரத்தில் இறைவன் வந்து, இனி நானே உனக்குத் தந்தை என்று சொல்லித் தன் கொன்றை மாலையை எடுத்துச் சூட்டுகிறார். ஊர் என்ன சொல்கிறது என்பதை வைத்து அல்ல, யாருக்குச் சொந்தம் என்பதை வைத்து அந்தப் பிள்ளையின் மதிப்பு முடிவாகிறது. மாலை வாங்கிய பிறகும் அவர் தலை நிமிரவில்லை, கூப்பிய கை பிரியவில்லை. அதையும் பாருங்கள்.

அந்த உருவம் ராஜேந்திரனையே குறிக்கிறது என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. கங்கை வரை படை அனுப்பிய அரசனுக்கும் கடைசியில் அடியார் என்ற இடம்தான் பெரிதாகத் தெரிந்தது போலும்.

அடியார் என்ற சொல்லின் அழகு அதுதான். அதற்கு விண்ணப்பம் வேண்டாம், ஓய்வு வயதும் கிடையாது. திருநீலகண்டர் குயவர், திருக்குறிப்புத்தொண்டர் துணி வெளுத்தவர், அதிபத்தர் மீனவர், கண்ணப்பர் வேடர். பேயுருவை வேண்டிப் பெற்ற காரைக்கால் அம்மையாரை இறைவனே அம்மை என்று அழைத்தார். வாசலுக்கு வெளியே நின்ற நந்தனாருக்காகத் திருப்புன்கூரில் நந்தி விலகியது. அவரை உள்ளே விடாதது மனிதர்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

நம் பக்கத்து சிறுவாச்சூரையே பாருங்கள். மதுரகாளியம்மன் சன்னதி திறந்திருக்கும் திங்களிலும் வெள்ளியிலும் பெண்கள் அங்கேயே மாவிடித்து மாவிளக்கு ஏற்றுகிறார்கள். உலக்கை பிடித்த கையைப் பார்த்து, இவர் அதிகாரி வீட்டுப் பெண், இவர் கூலி வேலைக்குப் போகிறவர் என்று யாராலும் சொல்ல முடியாது. அம்மனுக்கு முன் எல்லோரும் மகள்கள்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. நான் இறைவனுக்குச் சொந்தம் என்ற எண்ணம், நான் உன்னைவிட உசத்தி என்று மாறிவிட்டால் அது பக்தி இல்லை, பழைய ஆணவம் திருநீறு பூசிக்கொண்டு வந்திருக்கிறது என்று அர்த்தம். சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. பூஜை முடித்துக் கீழே இறங்கும்போது, கேட்டில் நிற்பவரையும் படிக்கட்டு கூட்டுகிற அம்மாவையும் எப்படிக் கூப்பிடுகிறோம்? என் தலையில் இறைவன் பூச்சூட்டியிருக்கிறான் என்றால், அவர்கள் தலையிலும் அதே பூ இருக்கத்தானே வேண்டும்?

ஆகவே ஒரு வேண்டுகோள். நம் வேனில் இரண்டு இடம் காலியாக இருப்பதாகச் செயலாளர் சொன்னார். அவர்கள் இருவரையும் அழைத்துப் போவோம். மாற்று ஏற்பாடாக அன்றைக்குக் கேட்டையும் படிக்கட்டையும் ஊரில் இருக்கும் நாமே பார்த்துக்கொள்வோம். அன்னாபிஷேகப் பிரசாதத்தைச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவோம்.

மார்க் குறைந்த பிள்ளை வீட்டில் இருந்தால் அவசியம் கூட்டிவாருங்கள். அறிவுரை எதுவும் வேண்டாம். அந்தச் சிற்பத்தின் முன்னால் நிறுத்தி, "கையில பால் குடத்தைத் தவிர ஒண்ணும் இல்லாத பையன்தான்பா இவர்" என்று மட்டும் சொல்லுங்கள். மற்றதைச் சண்டேசுவரர் பார்த்துக்கொள்வார்.