குடியிருக்க எந்த இடம்?

(தாம்பரத்தில் தொழிலாளர் குடும்பங்களிடையே நிகழ்த்திய பேச்சு)



இன்று நாம் பேச வந்திருப்பது வீட்டு விஷயம். ஆலை வேலைக்கோ கட்டட வேலைக்கோ பட்டணம் வருகிற குடும்பம் எங்கே குடியேறுவது? பிள்ளைகள் படிக்க வேண்டும். பெண்கள் பயமின்றி நடமாட வேண்டும். வாடகையும் கைக்கு அடங்க வேண்டும்.

நம்மில் பலர் தாம்பரம் பக்கமே வருகிறோம். காரணம் ரயில். 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பட்டணத்தில் வேலை, தாம்பரத்தில் வீடு என்ற வாழ்க்கை அதிலிருந்து வளர்ந்தது. 1984இல் சானடோரியத்தில் மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் வந்தது. 2021இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரத்தை மாநகராட்சி ஆக்கினார்கள். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தது. ஊர் வளர வளர மனை விலையும் வாடகையும் ஏறுகின்றன. நம் கைக்கு எட்டும் இடமோ பள்ளத்தை நோக்கித் தள்ளிப்போகிறது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

தண்ணீர் போகும் வழி

இது ஏரிகளின் பூமி. கிழக்கே செம்பாக்கம் ஏரி நிரம்பினால் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிக்கு ஏரி வழிந்து பள்ளிக்கரணைக் கழுவெளியைச் சேரும். மேற்கே முடிச்சூர்ப் பக்கத்து வெள்ளம் அடையாற்றுக்குப் போகும். 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழை தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செண்டிமீட்டர். முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் ஜனங்கள் மொட்டை மாடியில் நின்றார்கள். படகில் ஏற்றி மீட்டார்கள். வாழ்நாள் சேமிப்பைப் போட்டுக் கட்டிய வீடுகள் தண்ணீரில் நின்றன.

தோழர்களே, ஏரிக்குக் கீழே நாற்று நட்டவர்கள் நீங்கள். மதகு எது, கலங்கல் எது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தரகர் முன்னால் அந்த அறிவை மறந்துவிடாதீர்கள். அவர் சித்திரை வெயிலில் மனையைக் காட்டுவார். நீங்கள் ஐப்பசி, கார்த்திகையில் போய்ப் பாருங்கள். முடியாவிட்டால் மூலைக் கடைக்காரரைக் கேளுங்கள்: "2015இல் தண்ணீர் எதுவரை வந்தது?" சுவரில் கை வைத்தே காட்டுவார்.

கிராமக் கணக்கின் 'அ' பதிவேட்டையும் வரைபடத்தையும் பாருங்கள். ஏரி, ஓடை, வாய்க்கால் என்று இருந்தால் முன்பணம் ஒரு காசும் கொடுக்காதீர்கள். 2025இல் அனகாபுத்தூரில் அடையாற்றங்கரை வீடுகளை ஆக்கிரமிப்பு என்று இடித்தார்கள். நெடுங்காலம் குடியிருந்தவர்கள் முறையிட்டும் இடிப்பு நிற்கவில்லை. பள்ளிக்கரணைக் கழுவெளியில் குப்பைக் கிடங்கும் பெரிய கட்டடங்களும் எழும்பியதை நாம் பார்த்திருக்கிறோம். அடி விழுவது மட்டும் ஏழை வீட்டின் மேல்.

குழாயும் சாக்கடையும்

அடுத்தது குடிநீர். பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கத்தில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த கதை பழையது. 2024 டிசம்பரில் பல்லாவரத்தில் பலர் வாந்தி, வயிற்றுப்போக்கால் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், சிலர் மாண்டார்கள். குழாய்த் தண்ணீரே காரணம் என்றார்கள் ஜனங்கள், அதிகாரிகள் மறுத்தார்கள். ஆகவே வீடு பார்க்கும்போது குழாய் சாக்கடைக்குள்ளே போகிறதா என்று குனிந்து பாருங்கள். காலையில் தண்ணீரைக் கண்ணாடித் தம்ளரில் பிடித்துப் பாருங்கள். தெளிந்த நீரிலும் கிருமி இருக்கும், காய்ச்சியே குடியுங்கள்.

பள்ளிக்கூடமும் பிழைப்பும்

ரயில் பாதையும் ஜி.எஸ்.டி. சாலையும் ஊரைக் கிழக்கு, மேற்கு என்று பிளக்கின்றன. பள்ளிக்கூடம் எந்தப் பக்கம்? பிள்ளை தண்டவாளத்தைத் தாண்ட வேண்டுமா, சுரங்கப்பாதை உண்டா? பிள்ளையோடு ஒரு நாள் நடந்து பாருங்கள். இரவு ஷிப்டு முடிந்து பெண்கள் திரும்பும் வழியில் விளக்கு எரிகிறதா என்று இரவிலேயே போய்ப் பாருங்கள்.

வாடகை மலிவு என்று ஏமாறக் கூடாது. கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் பட்டணத்திலிருந்து பெயர்க்கப்பட்டவர்களுக்கு வீடு கிடைத்தது; பிழைப்பு தூரமாயிற்று. வீட்டு வேலைக்குப் போன பெண்கள் பலர் வேலையை இழந்தார்கள். வாடகையோடு பஸ் கட்டணத்தையும் போகவர ஆகும் நேரத்தையும் கூட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒப்பந்தம்

2019 முதல் அமலில் உள்ள வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. இங்கே பத்து மாதம் கேட்பதும் வழக்கமாயிருக்கிறது. கையெழுத்துப் போடுமுன் பேசுங்கள். பணத்துக்கு ரசீது வாங்குங்கள். ஜாதி கேட்டு வீடு மறுக்கும் தெருக்களும் உண்டு. அந்த அவமானத்தை யாரும் தனியே விழுங்கிக்கொண்டு போக வேண்டாம். நம் எல்லோரிடமும் வந்து சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. குறையே இல்லாத தெரு நமக்குக் கிடைக்காது. அக்கம்பக்கத்தார் ஒன்று சேர்கிற தெருவாக இருக்கிறதா என்று பாருங்கள். 2019 வறட்சியில் சிட்லபாக்கம் மக்கள் தாமே ஏரியில் இறங்கித் துப்புரவு செய்தார்கள். ஏரியைச் சீர்செய்யச் சர்க்காரும் பணம் ஒதுக்கிற்று. அத்தகைய தெருவில் குழாய் உடைந்தால் பத்துப் பேர் மனுவோடு போவார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போகிறவர்கள் தனியே போகாதீர்கள். அந்தப் பகுதியில் குடியிருக்கும் ஒருவரையும் வீட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.