கூத்துக்குக் காணி தந்த மண்

(குரும்பலூர்த் தமிழன்பர்களிடையே ஆற்றப்பெற்ற பொழிவின் எழுத்துரு)



முத்தமிழ் என்று மேடைதோறும் முழங்குகின்றோர் உளர். அம்மூன்றனுள் இயலுக்குப் பள்ளி உண்டு. இசைக்கு மன்றம் உண்டு. நாடகத் தமிழோ திருவிழா இரவில் தெருவோரம் நிற்கும் பிள்ளையாயிற்று. அப்பிள்ளைக்கு இந்த மண்ணிலேயே ஒரு காலத்தில் காணி இருந்தது என்பதைக் குரும்பலூரார் அறிதல் வேண்டும்.

இன்றைய அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரையில், காமரசவல்லி என்றோர் ஊர் உள்ளது. அவ்வூர்க் கோயிலில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்று இருக்கின்றது. மார்கழித் திருவாதிரையிலும் வைகாசித் திருவாதிரையிலும் மும்மூன்று அங்கம் சாக்கைக் கூத்து ஆடுதற்கு, சாக்கை மாராயன் விக்கிரமசோழன் என்னும் கூத்தனுக்கு ஊரவையார் நிலம் ஒதுக்கிய செய்தியை அது கூறுகின்றது. அரசனின் பெயர் கல்லில் நிற்பது வியப்பன்று. ஆடிய கூத்தனின் பெயரும் நிற்கின்றதே, அதுவே பெருமை!

தஞ்சைப் பெரிய கோயிலில் இரண்டாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டும் இத்தகையதே. வைகாசித் திருவிழாவில் இராசராசேசுவர நாடகம் நடிக்க, நாளொன்றுக்குத் தூணி நெல்லாக ஆண்டுக்கு 120 கலம் நெல் அளக்கப்பெற்றது. நடித்தது விழா நாளில். நெல் அளந்ததோ நாள்தோறும். கூத்தனின் வயிறு விழா நாளில் மட்டும் பசிப்பதன்று என்பதை அன்றைய தமிழன் அறிந்திருந்தான்.

சாக்கையன் நேற்று முளைத்தவனும் அல்லன். சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்தில் சேரன் செங்குட்டுவன் முன்னே கொட்டிச்சேதம் ஆடியவன் பறையூர்க் கூத்தச் சாக்கையன். அம்மரபின் தொடர்ச்சியை இன்றைய கேரளத்துச் சாக்கியார் கூத்திலும் கூடியாட்டத்திலும் அறிஞர் காண்பர். கூடியாட்டத்தை 2001-இல் ஒன்றிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பு உலகப் பெருமைகளுள் ஒன்றாக அறிவித்தது. ஆனால், அங்கே அரங்கேறுவன பெரும்பாலும் சமற்கிருத நாடகங்கள்! சிலப்பதிகாரம் கண்ட கூத்து வேற்று மொழியின் தோளேறி உலகப் புகழ் பெற்றது. அதற்குக் காணி தந்த காமரசவல்லியிலோ கல்வெட்டு மட்டும் எஞ்சியது. இது யார் குற்றம்? பிறரைப் பழிப்பது எளிது. அங்குள்ளோர் கூத்தனைக் குடும்பத்தோடு காத்தனர், இங்குள்ளோர் மறந்தனர்.

சட்டம் தடுத்தது என்று சிலர் கூறலாம். ஓரளவு உண்மையே. 1876-இல் வெள்ளையன் நாடகத்துக்குத் தளையிட்டான். 1954-இல் சென்னை மாநிலமும் தனிச்சட்டம் செய்தது. ஆயினும் 2013-இல் சென்னை உயர்நீதிமன்றம் அம்மாநிலச் சட்டத்தின் முதன்மைப் பிரிவுகளைச் செல்லாதனவாக்கிவிட்டது. கதவின் தாழ் கழன்றது. உள்ளே நுழைவார்தாம் இல்லை.

இனி நூல்களைக் காண்போர்க்கு ஒரு சொல். பெரம்பலூரில் புத்தகத் திருவிழா கூடும்போது சமையல் நூலும் சோதிட நூலும் தேடுவோர் நாடக நூல் அடுக்கின் முன்னும் சற்றே நிற்க. பெ. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் 1891-இல் வந்தது. படித்து இன்புறத்தக்க நாடகம். பரிதிமாற் கலைஞரின் நாடகவியல் 1897-இல் வந்தது. நாடகத்துக்குத் தமிழிலேயே இலக்கணம் வகுத்தது. விபுலாநந்த அடிகளின் மதங்கசூளாமணி 1926-இல் வந்தது. சேக்சுபியரின் நாடகங்களைத் தமிழ் மரபோடு வைத்து ஆராய்ந்தது. இவற்றின் சில பெயர்களிலும் வடசொல் விரவியுள்ளது. அதற்காக நூலை எறிதல் அறிவுடைமை ஆகாது. சூரியநாராயண சாத்திரி என்ற தம் பெயரையே பரிதிமாற் கலைஞர் எனத் தமிழாக்கிக்கொண்டவர் காட்டிய வழி, களைந்து காப்பது, கழித்து எறிவதன்று.

அவ்வை தி. க. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை' 1972-இல் வெளிவந்தது. ஆறு அகவையில் சங்கரதாசு அடிகளிடம் சேர்ந்த சிறுவன், ஊர் ஊராய்த் திரிந்து பெருநடிகனான கதை அது. அச்சிறுவனுக்காகவே அபிமன்யு சுந்தரி நாடகத்தை அடிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பர். சிறுவன் ஒருவனை நம்பி ஓர் இரவு கண்விழித்த ஆசிரியர் அவர்! இன்று அவ்வாறு விழித்திருப்பார் எத்தனை பேர்?

குரும்பலூரில் அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கின்றது, இளைஞர் இருக்கின்றனர், திருவிழாவும் இருக்கின்றது. இல்லாதது ஊராரின் உறுதி ஒன்றே. திரைப்பாட்டு ஆட்டத்துக்குத் தண்டும் பணத்தில் ஒரு பகுதியைக் கூத்துக்கென ஒதுக்குக. ஆண்டுக்கு ஒரு நாடகத்தையேனும் நல்ல தமிழில் எழுதி நடிக்கச் செய்க. கூத்தனைக் கோமாளி என்னாது கலைஞன் என்று அழைத்து, விழாவன்று மட்டுமன்றி மற்றை நாள்களிலும் அவன் அடுப்பு எரிகின்றதா என்று பார்க்க.

காமரசவல்லி ஊரவையார் செல்வர்களாய் இருந்ததனால் மட்டும் நிலம் தரவில்லை. கூத்து இல்லாத திருவிழாவை அவர்கள் விழாவாகக் கருதவில்லை. அவ்வுணர்வு குரும்பலூரில் மீண்டும் தளிர்க்குமாயின், நாடகத் தமிழுக்கு இந்த மண்ணில் மறுபடியும் ஒரு காணி கிடைக்கும்.

வெல்க தமிழ்!